ஒரு தட்டுக்கு 24 துடிப்பு



1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த அனலாக் சிந்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் மிடி என்ற பொதுமொழியில் பேசும் இன்றைய கருவிகளோடு சேர்த்து, ஒரே காலப்பிரமாணத்தில் ஓட வைப்பது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டாம். மண்டபத்திலிருந்து ராமேசுவரம் வரை முளைப்பாரி, மாதா கோயில் திருவிழா, சந்தனக்கூடு என்று எது நடந்தாலும், மெல்லிசைக் கச்சேரி மேடையில் ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் இருக்கும். அந்தப் பெட்டிகளுக்குள் ஓடும் கணக்கை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டிரம் மெஷின்கள். இரண்டிலும் நிமிடத்துக்கு 120 தட்டு வரும்படி வைத்து, ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறோம். தொடக்கம் சரியாக இருக்கும். ஆனால் பழைய பெட்டியில் வேகத்தைக் காட்ட எண் கிடையாது, ஒரு திருகுதான். உள்ளே ஒரு மின்சுற்று ஊசலாடி அந்த வேகத்தைத் தருகிறது. அறை சூடேறினால் அந்த ஊசல் கொஞ்சம் மாறும். ஒன்று 120, மற்றொன்று 120.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிமிடத்தில் இரண்டுக்கும் நடுவே அரைத் தட்டு விலகிவிடும். ஒன்று தட்டுகிற இடத்தில் மற்றது இடைவெளியில் நிற்கும். இரண்டு கருவிகளும் நல்ல கருவிகள்தான். ஆனால் கேட்க முடியாது.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே வலை, இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவே நீண்ட தூரம். ஒரு பக்கம் முந்தி இழுத்தால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும். அதற்காகத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது எல்லாக் கைகளும் ஒரே நொடியில் இழுக்கின்றன. இயந்திரங்களுக்கும் அப்படி எடுத்துக் கொடுக்க ஒன்று வேண்டும். அதைத்தான் கிளாக் என்கிறார்கள். ஒரு கருவி தலைமை, மற்றவை பின்பற்றுபவை. தலைமைக் கருவி துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பின்பற்றும் கருவி தன் சொந்தத் திருகை விட்டுவிட்டு அந்தத் துடிப்புகளை எண்ணி ஓடும்.

இந்தியாவில் இதைச் செய்து காட்டியவர் பம்பாயின் சரண்ஜித் சிங். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினையும், 1981-இல் டிபி-303 என்ற பேஸ் பெட்டியையும் கொண்டுவந்தது. இவற்றைச் சிங்கப்பூரில் வாங்கி வந்து, ஜூபிடர்-8 என்ற பெரிய சிந்தசைசரோடு இணைத்து வீட்டில் பழகினார். 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அதில் யமன் இருக்கிறது, நமக்குக் கல்யாணி. பூபாலி இருக்கிறது, நமக்கு மோகனம். மால்கௌன்ஸ் இருக்கிறது, நமக்கு ஹிந்தோளம்.

அப்போது மிடி கிடையாது. 303-க்கும் 808-க்கும் நடுவே ரோலண்டின் சொந்தக் கம்பி, டின் சிங்க் என்பார்கள். அதில் ஒரு தட்டுக்கு 24 துடிப்பு போகும். ஜூபிடர்-8-இல் ஒரு கையால் சுரங்களைப் பிடித்துக்கொண்டால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும் ஏற்பாடு உண்டு. அதையும் வெளியிலிருந்து வரும் துடிப்பால் ஓட்டலாம். 303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதியும் இருந்தது. கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! அந்த இசைத்தட்டு வந்தபோது பெரிதாக விற்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே அதிர்ந்தது. ஏனென்றால் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 303-ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகை இசைத்தட்டாக வந்தது 1987-இல். அதற்கு ஐந்தாண்டு முன்பே பம்பாயில் இது நடந்திருக்கிறது. 2015-இல் அவர் மறைந்தார். அவருக்கு உரிய மரியாதை வாழ்நாளின் கடைசியில்தான் கிடைத்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அந்த இசைத்தட்டு வந்த மறு ஆண்டே நிலைமை மாறியது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்தார்கள். சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600 ஒன்று, ரோலண்டின் ஜூபிடர்-6 மற்றொன்று. ஒன்றில் விசையை அழுத்தினால் மற்றொன்று பேசியது. அதுதான் மிடி. சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இக்குதாரோ ககேஹாஷிக்கும் இதற்காக 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தார்கள்.

நம் சினிமாவுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. மிடி பிறந்து மூன்றே ஆண்டில், 1986-இல் வந்த புன்னகை மன்னன், கணினி வழியே இசை கோத்த முதல் தமிழ்ப் படம் என்று பேசப்படுகிறது. இசை இளையராஜா. அதே ஆண்டில் வந்த விக்ரம் படத்திலும் மின்னணு ஒலிகளை அவர் துணிந்து பயன்படுத்தினார். இரண்டு படத்துக்கும் நாயகன் நம் மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன்.

சரி, பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் எப்படி இணைப்பது? பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மிடிக்கும் ஐந்து முள் பிளக்குதான், டின் சிங்குக்கும் அதே ஐந்து முள் பிளக்குதான். செருகினால் அழகாகப் போய் உட்காரும். ஆனால் பெட்டி அசையாது. மிடி, 4-ஆம் 5-ஆம் முட்களில் பேசுகிறது. டின் சிங்க், 1-ஆம் முள்ளில் ஓடு, நில் என்ற கட்டளையையும் 3-ஆம் முள்ளில் துடிப்பையும் அனுப்புகிறது. கடையில் வாங்கும் பல மிடி கம்பிகளில் 1-ஆம் 3-ஆம் முட்களுக்கு உள்ளே கம்பியே இருக்காது. ஆகவே ஐந்து முள்ளும் இணைந்த கம்பி வேண்டும். அத்தோடு நடுவே மொழிபெயர்க்க ஒரு பெட்டியும் வேண்டும். மிடியில் போவது எண். டின் சிங்கில் போவது வெறும் 5 வோல்ட் மின்துடிப்பு. அந்த எண்ணைத் துடிப்பாக மாற்றித் தர கென்டன் நிறுவனத்தின் பெட்டிகள் உண்டு, ரோலண்டின் எஸ்பிஎக்ஸ்-1 உண்டு. ரோலண்டின் பழைய டிரம் மெஷினான டிஆர்-707 கையில் இருந்தால் அதுவே போதும். அதில் இரண்டு வகைத் துளையும் இருக்கின்றன.

மிடி கிளாக்கும் ஒரு தட்டுக்கு 24 துடிப்பு என்பதால் ரோலண்டு பெட்டிகளோடு கணக்கு நேராக ஒத்துப்போகும். கோர்க் நிறுவனத்தின் பெட்டிகள் பல 48 எதிர்பார்க்கும். ஓபர்ஹைம் நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின் 96 கேட்கும். மாற்றுப் பெட்டியில் அந்த எண்ணைச் சரியாக வைக்காவிட்டால் டிரம் பாதி வேகத்திலோ இரட்டை வேகத்திலோ ஓடும்.

இந்த 24 நம் தாளத்துக்குப் போதுமா? நான்கால் வகுத்தால் 6, சதுஸ்ர நடை சுத்தமாக வரும். மூன்றால் வகுத்தால் 8, திஸ்ர நடையும் வரும். ஐந்தால் வகுத்தால் முழு எண் வராது, ஏழாலும் வராது. அதனால் கண்ட நடையும் மிஸ்ர நடையும் இந்தக் கணக்கில் நேராக உட்கார மாட்டா. இந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் மனதில் நம் தாளம் இல்லை. ஆனால் வழி இருக்கிறது. பெட்டியின் தட்டை மறந்துவிட்டு, 6 துடிப்பை ஒரு மாத்திரையாகக் கொள்ளுங்கள். ஐந்து மாத்திரை சேர்ந்தால் நம் ஒரு தட்டு. கண்ட நடையில் நிமிடத்துக்கு 80 தட்டு வேண்டுமானால் பெட்டியில் 100 என்று வையுங்கள். மிஸ்ர நடையில் ஏழு மாத்திரை ஒரு தட்டு; அதே 80 வேண்டுமானால் 140. 808-இல் 16 படிகளைக் குறைத்து 15 அல்லது 14 என்று நிறுத்திக்கொள்ளவும் முடியும். 15 என்றால் மூன்று கண்டம், 14 என்றால் இரண்டு மிஸ்ரம். நம் மிருதங்கக்காரர்களும் தவில்காரர்களும் இதைக் காகிதமில்லாமலே சொல்லிவிடுவார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் அவர்களிடம் போய் உட்கார வேண்டும்.

தாளம் போகட்டும், சுருதி? பழைய சிந்தசைசர்களுக்குச் சுரத்தைச் சொல்வது மின்னழுத்தம். மூக், ரோலண்டு நிறுவனங்களின் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். கோர்க் எம்எஸ்-20-இல் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்ட் இரட்டிக்கும். ஒன்றின் வோல்ட்டை மற்றதில் செருகினால் சுருதி தறிகெட்டுப் போகும். வெயிலில் நின்ற மேடையில் கருவி சூடாகிச் சுருதி நகரவும் செய்யும். ஆகவே போட்டவுடன் சுருதி சேர்க்காமல் அரைமணி நேரம் ஓடவிட்டுச் சேருங்கள்.

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வார்த்தை. மிடியில் ஒரு துடிப்பு போய்ச் சேர மூன்றில் ஒரு பங்கு மில்லி நொடிதான் ஆகிறது. ஆனால் ஒலி காற்றில் 100 மீட்டர் கடக்க ஏறக்குறைய 300 மில்லி நொடி ஆகும். திருவிழாவில் தெருமுனைக் கூம்புக் குழாயும் மேடைக் குழாயும் ஒத்துப்போகாமல் கேட்டால் கருவிகளைக் குறை சொல்லாதீர்கள். அது தூரம் செய்கிற வேலை.

நம் கரையில் இந்தக் கருவிகளுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் இரும்பு அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள்; 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு சிறு ஜாக்கின் செம்பு என்ன ஆகும்? திருகைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருவது அதனால்தான். உறை போட்டு வையுங்கள், துளைகளைக் காண்டாக்ட் கிளீனர் கொண்டு துடையுங்கள். நினைவுக்காக உள்ளே வைத்த பேட்டரி கசிந்தால் மொத்தச் சுற்றுப் பலகையையும் தின்றுவிடும், அதை முதலில் கழற்றுங்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்த பெட்டி 100 வோல்ட் கருவி. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். 808-இல் மற்ற கருவிகளுக்குத் துடிப்பு அனுப்பும் டிரிகர் துளையில் 15 வோல்ட் வருகிறது. 5 வோல்ட் எதிர்பார்க்கும் புதிய கருவியில் அதை நேராகக் கொடுக்காதீர்கள்.

மாற்றுப் பெட்டி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, 6என்138 என்ற ஆப்டோகப்ளர் சில்லு, சில ரெசிஸ்டர்கள், இரண்டு ஐந்து முள் துளை, இவ்வளவுதான். மிடியில் வரும் துடிப்பையும் ஓடு, நில் என்ற கட்டளையையும் தனித்தனி முட்களில் 5 வோல்ட்டாக வெளியே தர வேண்டும். அத்தனை பொருளும் சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் கடைசி ஆண்டு புராஜெக்டாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

மெல்லிசைக் குழு நடத்தியவர்களிடமும், சர்ச் பாடகர் குழுக்களிடமும், வாத்தியங்களை வாடகைக்கு விட்டவர்களிடமும் ஒரு வேண்டுகோள். யமஹா, கேசியோ, ரோலண்டு என்று பெயர் பொறித்த பழைய கீபோர்டோ ரிதம் பெட்டியோ பரணில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்துத் துளைகளைப் பாருங்கள். மிடி என்றோ, சிங்க் என்றோ, டிரிகர் என்றோ ஏதாவது ஒரு துளை இருந்தால், அதை இன்றைய கருவிகளோடு இணைத்து வாசிக்க முடியும். உங்கள் ஊரில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் அதைக் கொடுங்கள்.