இரண்டாந்தரம் எழுதிய புள்ளிகள்: அனுப்புவதா, விடுவதா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கடல் கடந்து கற்க விரும்பும் நம் பிள்ளைகளை மயக்கும் ஒரு கேள்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

அமெரிக்கக் கல்லூரிகளிற் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.ரி. பரீட்சையை நீங்கள் அறிவீர்கள். 1926ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற பரீட்சை அது. இன்று அதில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து ஒரு பகுதி. கணிதம் மற்றொரு பகுதி. பகுதிக்கு 800 ஆக மொத்தம் 1600 புள்ளிகள். முதன்முறை மனநிறைவு தராவிடின் மீண்டும் தோற்றலாம். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாந்தரம், மூன்றாந்தரம் தோற்றுவோரைக் கண்ட நமக்கு இது புதிதன்று. ஆனால், எந்தத் தரத்துப் புள்ளிகளை அனுப்புவது என்பதை மாணவனே தீர்மானிக்கும் உரிமை அங்கே உண்டு. பரீட்சையை நடத்தும் கொலேஜ் போர்ட் 2009 முதல் இவ்வுரிமையை வழங்கி வருகின்றது. உரிமை வந்தவிடத்துக் குழப்பமும் வந்துவிட்டது.

அண்மையில் ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். முதன்முறை வாசிப்பில் 620, கணிதத்தில் 690, மொத்தம் 1310. இரண்டாம் முறை வாசிப்பில் 670, கணிதத்தில் 660, மொத்தம் 1330. “ஐயா, கூடியதை மட்டும் அனுப்பு, குறைந்ததைக் காட்டி ஏன் மானங்கெடுவான் என்று அப்பா சொல்லுகிறார். நான் என்ன செய்ய?” என்று கேட்டான்.

அன்பர்களே, தந்தையாரின் சொல் நியாயமாகவே தோன்றும். ஆனால் அங்குள்ள கல்லூரிகள் பல, ஒவ்வொரு பகுதியிலும் மாணவன் பெற்ற உயர்ந்த புள்ளியை எடுத்துக் கூட்டுகின்றன. அவ்வாறு கூட்டினால் அவனுக்கு 670உம் 690உம் சேர்ந்து 1360 ஆகும். ஒரு முறையின் கணிதத்தையும் மறுமுறையின் வாசிப்பையும் பிரித்தெடுத்து அனுப்ப இயலாது. இரண்டு முறைப் பெறுபேறுகளையும் முழுமையாக அனுப்பினாலே இப்பயன் கிட்டும். வெட்கப்பட்டு முதலாவதை மறைத்திருந்தால், தான் உழைத்துப் பெற்ற 30 புள்ளிகளையே அவன் இழந்திருப்பான்.

இரண்டு பகுதிகளிலும் புள்ளி குறைந்தால் என் செய்வது? கல்லூரி தெரிவுக்கு இடமளிப்பின் அதனை அனுப்பாது விடுவதிற் குற்றமில்லை, அது பொய்யுமன்று. ஆனால் ஜோர்ஜ்டவுன் போன்ற சில பல்கலைக்கழகங்கள் எழுதிய எல்லா முறைகளின் புள்ளிகளையும் கேட்கின்றன. அங்கே ஒன்றை ஒளிப்பது பொய்யாகும். பொய்யின்மேற் கட்டிய கல்வி நிலைக்குமா என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

இன்னுமொன்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது பல கல்லூரிகள் இப்பரீட்சைப் புள்ளி கட்டாயமில்லை என்று அறிவித்தன. பின்னர் எம்.ஐ.ரி. 2022இலும் ஹார்வர்ட் 2024இலும் அதனை மீண்டும் கட்டாயமாக்கின. ஆகையால் மூத்தவன் விண்ணப்பித்த காலத்து விதியை நம்பி இளையவன் விண்ணப்பித்தல் ஆகாது. ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அவ்வவ் வருடத்தில் வாசித்தே தீர்மானிக்க வேண்டும்.

எனவே இளைஞர்களே, முதலில் கல்லூரியின் விதியைப் பாருங்கள். அடுத்துப் பகுதிவாரியாகப் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். அதன் பின்னரே முடிவு செய்யுங்கள். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை இக்கணக்கிற் சேர்க்கவேண்டாம்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் குறைந்த புள்ளியைக் குடும்பத்தின் இழுக்காக எண்ணாதீர்கள். விழுந்தவன் எழுந்து மீண்டும் நடந்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த இளைஞன் இரண்டையும் அனுப்பினான். முடிவு இன்னும் வரவில்லை. எது வந்தாலும் அவன் தலைகுனிய வேண்டியதில்லை.