உறுதியில் எழுதாத காணி



நகரத்தில் மண்ணின் அடையாளத்தை நிலைநாட்டும் சமகாலக் கலை பற்றிய ஆய்வரங்கு யாழ்ப்பாணத்தில் நடப்பது பொருத்தமானது. 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் சோனகத் தெரு முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. காணியைப் பிரிவது என்னவென்று இந்தக் குடாநாட்டுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தப் பிரிவைக் கலையாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், 2004இல் அவர் மக்களின் வீட்டுப் பொருள்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்தார். நூல்களை இழந்த மண்டபத்தில் சாதாரணக் குடும்பங்களின் வரலாறு இடம்பிடித்தது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம் காணிகளைத் தோம்பு எனும் பதிவேட்டில் பதிந்தது வரி அறவிட. சனாதனன் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2011இல் வந்த அவருடைய நூலில், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தந்திருக்கிறார்கள். அதே வீட்டைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுப்படமாகத் திருப்பி வரைகிறார். அடுத்து சனாதனனின் ஓவியம் வருகிறது. கைநடுக்கத்தோடு கீறிய கோட்டையும் அளவுகோல் வைத்து இழுத்த கோட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எல்லை இரண்டாவதில் துல்லியமாக இருக்கும். வாழ்ந்த வாழ்வு முதலாவதில்தான் இருக்கும்.

இத்தகைய படம் சான்றாகுமா என்று கேட்போர் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஙுர்ராரா பழங்குடியினர் 1997இல் தம் நாட்டின் நீர்நிலைகளை ஒரு பெருந்துணியில் தீட்டி, நில உரிமைக் கோரிக்கைக்குச் சான்றாக முன்வைத்தார்கள். 2007இல் அந்த உரிமை ஏற்கப்பட்டது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண்ணின் அடையாளம் உடைமையாளரின் அடையாளம் மட்டுமல்ல. பிறர் வளவில் கொட்டில் போட்டிருந்தவர்களுக்கும், தோட்டம் கொத்தியும் கிணறு வெட்டியும் காணி உறுதி ஏதும் காணாத ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் இந்த மண்ணில் பங்கு உண்டு. சோனகத் தெருவை விட்டுவிட்டு வரையும் யாழ்ப்பாணப் படம் பொய்ப்படம். வேலிக்குள் நிற்பவரை மட்டும் வரைந்தால், நம்மை வெளியேற்றிய அதே கணக்கைத்தான் நாமும் எழுதுகிறோம்.

ஆகவே இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதியவர்கள் இருக்கும்போதே போய், அவர்கள் கையாலேயே வீட்டையும் தெருவையும் கீறச் சொல்லுங்கள். உறுதி இல்லாதவர்களிடம் முதலில் போங்கள். அந்தப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி நகரத்தின் நடுவில் வையுங்கள். இந்தக் கடமையை உங்களிடம் ஒப்படைத்து, ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.