வண்ணக் கோடிட்ட காலுறை
(ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



'இவ்வளவு பெரிய அரங்கில் காலுறையைப் பற்றியா பேசுவது?' என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். புன்னகைக்கட்டும். தில்லியின் மார்கழி விடியலில் வெறுங்காலோடு நின்று வாசலில் கோலமிட்டவர்கள் மட்டும் புன்னகைக்க மாட்டார்கள்.

என் அன்னையார் 1950களில் மணமாகித் தஞ்சையிலிருந்து இந்நகருக்கு வந்தபோது அவர் பெட்டியில் பட்டு இருந்தது. கம்பளி ஒரு முழமும் இல்லை. அவருக்குப் பின்னல் கற்பித்தவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. 'சீதா', 'உல்டா' என்னும் இரண்டு சொற்களே பாடநூல். 1962இல் சீனப் போர் மூண்டபோது எல்லையில் நின்ற வீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளி பின்னினார்கள் அன்றோ? எங்கள் குடியிருப்புப் புல்வெளியிலும் ஊசிகள் ஓயவில்லை.

கம்பளியின் அருமை யாதெனில், தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின்னும் அது நனைந்ததாகத் தோன்றாது. வியர்த்த காலும் குளிராமல் இருப்பது இதனால்தான்.

இனிச் சாயத்திற்கு வருகிறேன். நவராத்திரியும் தீபாவளியும் முடிந்ததும் வாசல் தோரணத்துச் செண்டுமல்லியைக் குப்பையில் எறிகிறோம். அதை உலர்த்தி வையுங்கள். 100 கிராம் கம்பளி நூலுக்குப் பத்துப் பதினைந்து கிராம் படிகாரம் போதும். நூலை முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிறகு படிகார நீரிலும், அதன்பின் பூவின் சாற்றிலும் மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கொதிக்க விடலாகாது. சூடான நூலைச் சட்டென்று குளிர்ந்த நீரில் போடவும் கூடாது. போட்டால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூல் கட்டியாகிவிடும். செண்டுமல்லி பொன்னிறம் தரும். அதிலே சிறிது இரும்பு சேர்ந்தால் பாசிப் பச்சையாகும். வெங்காயத் தோல் செம்பழுப்பு, மஞ்சிட்டி வேர் சிவப்பு. அவுரியின் நீலமோ தனி விந்தை: தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். சாயத்திற்கு எடுத்த பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

நம் ஊர்ப் பெருமையால் நான் முதலில் நாடியது விரலி மஞ்சள். ஆகா, எத்தனை ஒளி! மாடி வெயிலில் ஒரே மாதத்தில் அந்த ஒளி பறந்துவிட்டது. மஞ்சள் வெயிலில் நில்லாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கோடு எதற்கு என்பீர்கள். வீட்டில் தோய்த்த நூல் ஒரு தடவை போல் மறு தடவை அமையாது. இரண்டு கால்களுக்கும் ஒரே நிறம் வேண்டுமென்றால் தோல்விதான். நான்கு சுற்றுக்கு ஒரு நிறமாகக் கோடிட்டால் குறையே அழகாகிவிடும். மிஞ்சிய சிறு உருண்டைகளும் வீணாகா. 64 கண்ணிகளை நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாகப் பகிர்ந்து, ஐந்தாம் ஊசியால் சுற்றிப் பின்ன வேண்டும். குதிகால் வந்ததும் பாதிக் கண்ணிகளை நிறுத்திவைத்து, மீதிப் பாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னித் திருப்ப வேண்டும். எல்லாரும் கைவிடும் இடம் இதுதான்.

இக்கலை இமயத்து லாகூலில் எவ்வாறு வேரூன்றியது என்பதும் சுவையான செய்தி. 1850களில் கேலாங் சென்ற மொரேவிய சமயத் தொண்டர்களுள் மரியா ஹெய்டே என்னும் அம்மையார் அங்குள்ள பெண்களுக்குப் பின்னல் கற்பித்தார். வந்த கலையை அப்பெண்கள் தம்முடையதாக்கிக்கொண்டு, பல நிறக் கோலங்களை அதில் ஏற்றினார்கள். அந்தக் காலுறைக்கும் கையுறைக்கும் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலையிலிருந்து வந்த அத்தகைய காலுறையைத் தில்லி ஹாட்டில் கண்டு, ஒருமுறை நான் பாதி விலைக்குக் கேட்டேன். விற்ற மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. காலுறையைத் திருப்பிக் குதிகாலைக் காட்டினார். நாள்தோறும் இரண்டு மணி நேரம் பின்னியும் ஓர் இணை முடிக்கப் பத்து நாள்கள் எடுத்துக்கொள்பவள் நான். வெட்கிப்போய்க் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் அன்னையாரும் இன்றில்லை. அந்தப் பஞ்சாபி அம்மையாரும் இல்லை. எங்கள் குடியிருப்பில் குதிகால் திருப்பத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே மிகுதி. என் பேத்தி இயந்திரக் காலுறையே போதும் என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குக் கற்பிக்க நேரமில்லை என்று பல ஆண்டுகள் கழித்தவள் நான்தான்.

இதோ, கையிலிருப்பது இடக்கால். வலக்கால் குதிகாலுக்கு வந்து நிற்கிறது. இன்று வேண்டுமென்றே திருப்பாமல் கொண்டுவந்திருக்கிறேன். மதிய உணவுக்குப் பின் வெயில் விழும் படிக்கட்டில் அமர்ந்திருப்பேன். பேத்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊசி கைவசம் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். இல்லாதவர்களுக்கு இரண்டு கட்டு வைத்திருக்கிறேன்.