செஞ்சி வீட்டுச் சுவரில் கல்லச்சுப் படம்

கல்லச்சுப் படம் என்பது, வரையப்பட்ட கல்லிலிருந்து மை நேராகக் காகிதத்தில் இறங்கிய படம்; அந்தப் படத்தை ஒளிவருடியில் வைத்து நகலெடுத்து, கான்வாஸ் துணியில் கணினி அச்சாகப் பெரிதாக்கினால், கிடைப்பது வேறொரு பொருள். இவ்வளவு எளிய வேறுபாடு இன்று மறக்கப்பட்டு வருகிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையோரத்துப் புதுவீடுகளிலும் விடுதிகளிலும், பழைமைத் தோற்றம் வேண்டி மாட்டப்படும் ஆறடி உயர ரவிவர்மா லட்சுமிகளில் பெரும்பாலானவை இத்தகைய நகல்களே. 2025 ஜூலையில், மராட்டியர் காலப் படைநிலப்பரப்புகள் என்ற தொகுதியில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட பிறகு, கோட்டையையும் அதை ஆண்ட தேசிங்கு ராஜனையும் காட்டும் 'பழங்கால லித்தோ' (கல்லச்சு) படங்களைத் தேடுவோரும் மிகுந்திருக்கின்றனர்.

அவர்கள் முதலில் ஓர் ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும்: 1796. பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தது அந்த ஆண்டில்தான். தேசிங்கு போரில் வீழ்ந்தது 1714-இல். பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது 1750-இல். ஆகவே அந்நிகழ்வுகளின் காலத்திலேயே அச்சான கல்லச்சுப் படம் என்று யாரேனும் ஒன்றை விற்க வந்தால், அதைத் திருப்பிப் பார்க்கும் வேலைகூடத் தேவையில்லை. அக்காலத்து ஐரோப்பியப் படங்களும் கோட்டை வரைபடங்களும் செப்புத் தகட்டில் கீறி அச்சிடப்பட்டவை. தகட்டின் விளிம்பு ஈரக் காகிதத்தில் பதித்த பள்ளம் படத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இராது.

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே கல்லச்சின் அடிப்படை. நுண்ணிய சுண்ணாம்புக் கல்லைச் சமமாகத் தேய்த்து, கொழுப்புக் கலந்த கரியாலோ மையாலோ அதன்மேல் படத்தை இடவல மாற்றி வரைந்து, கருவேலம் பிசினும் மென் அமிலமும் பூசிப் பதப்படுத்தி, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை வாங்கும். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும். வண்ணப் படமென்றால் நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். வெளிர்மஞ்சளுக்கு ஒன்று, மேனிநிறத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று ஒரே காகிதம் பத்துக்கும் மேற்பட்ட கற்களின்மீது, மயிரிழை பிசகாமல், மீண்டும் மீண்டும் படிந்து எழ வேண்டும். அதன்மேல் வார்னிஷ் பூசி, கான்வாஸ் துணியின் இழையமைப்பை அழுத்தி எடுத்து, எண்ணெய் ஓவியம்போல் தோன்றச் செய்ததே ஒலியோகிராஃப் எனப்பட்டது.

ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை இவ்வாறு அச்சிட்டுப் பரப்பலாம் என்று அவருக்கு எழுதியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய டி. மாதவராவ். ரவிவர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகம், சில ஆண்டுகளில் லோனாவாலாவை அடுத்த மளவ்லிக்கு இடம்பெயர்ந்து, பின்னர் அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்கு மாறி, 1972-இல் தீயில் அழிந்தது. தொடக்ககாலப் படங்களின் கீழ்விளிம்பில் 'ரவிவர்மா எஃப்.ஏ.எல். பிரஸ்' என்ற பெயர் காணப்படும். பிற்காலத்தவற்றில் கார்லா, லோனாவாலா ஆகிய ஊர்ப்பெயர்கள் வரும். சேகரிப்போர் சந்தையில் முன்னதற்கு மதிப்பு மிகுதி. விளிம்பு வெட்டப்படாமல், கறை படியாமல் இருந்தால் இன்னும் மிகுதி.

இந்த விலைவரிசையை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. சந்தை இரண்டாந்தரமாகத் தள்ளும் ஒருவகைப் படங்களே இக்கலையின் உச்சம் என்று துணிந்து சொல்லலாம். அவை சரிகைப் படங்கள். வீட்டுப் பெண்கள் அச்சுப் படத்தின்மேல் மெய்யான பட்டுத்துண்டும் சரிகையும் சம்கியும் பாசிமணியும் வைத்துத் தைத்தோ ஒட்டியோ அணிசெய்த படங்கள். லட்சுமியின் முகமும் கைகளும் பாதங்களும் மட்டும் அச்சாகவே விடப்பட்டிருக்க, சேலை முழுதும் துணியாகியிருக்கும். மூக்குத்தி இடத்தில் ஒற்றைக் கண்ணாடிமணி மின்னும். மூலவரை அலங்காரமின்றிக் காணப் பழகாத கண்ணுக்கு, தாளில் அச்சான சேலை போதவில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் அச்சாகி வந்த படம், அந்த ஊசிவேலையால் உலகில் ஒன்றே ஒன்றாகி நிற்கிறது. ஓவியர் பெயரும் அச்சகப் பெயரும் விளிம்பில் இருக்க, சேலை உடுத்தியவரின் பெயர் எங்கும் இல்லை. செஞ்சிப் பக்கத்து ஊரொன்றில் அப்படிப்பட்ட படமொன்றைப் பார்க்க வந்த வியாபாரி, சரிகையைச் சுரண்டி எடுத்துவிட்டால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். அந்த வீட்டு மூதாட்டி, தம் மாமியார் கட்டிய சேலையை அவிழ்க்க முடியாது என்று கூறி அவரை மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். மூதாட்டியின் தீர்ப்பே சரி.

கடைகளிலேயே அணிசெய்து விற்ற சரிகைப் படங்களும் உண்டு; இன்று புது நகலின்மேல் பிளாஸ்டிக் சம்கி ஒட்டி, தேயிலைச் சாயம் தடவி விற்பவையும் உண்டு. பழைய சரிகையின் உலோகம் கறுத்திருக்கும். துணியின் ஓரம் தானாக விலகியிருக்கும் இடத்தில் உள்ளே நோக்கினால், ஒளி படாத அச்சு நிறம் வெளியிலுள்ளதைவிடத் துலங்கித் தெரியும். இவற்றோடு ஓர் உருப்பெருக்கியும் தேவை. முகத்தின் நிழற்பகுதியை அதன்வழி பார்த்தால், கல்லில் கையால் இட்ட புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் கிடக்கும். நகலிலோ புள்ளிகள் வரிசை பிசகாமல் அணிவகுத்து நிற்கும், அல்லது மிக நுண்ணிய மைத்தூறலாகத் தெரியும். மீண்டும் சொல்லத்தக்கது இது: படத்தின் நிறத்தையோ மங்கலையோ நம்பக் கூடாது, புள்ளியை நம்பலாம்.

ஆஃப்செட் அச்சும் கல்லச்சின் வழித்தோன்றலே; கல்லுக்குப் பதில் உலோகத் தகடு, நேரடிப் பதிவுக்குப் பதில் ரப்பர் உருளை. தீப்பெட்டி லேபிள்களோடு வளர்ந்த சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிப் படங்களைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. நாடகத் திரைச்சீலை எழுதிய அனுபவத்தோடு கோவில்பட்டியில் தங்கி, சீடர் பரம்பரையையே உருவாக்கிய நாட்காட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜூ (1898–1976), இளமையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர் என்பதால், செஞ்சி வட்டாரத்தார் அவரைப் பக்கத்து ஊர்க்காரராகவே கொள்ளலாம். ஆயினும் கல்லின் புள்ளி அவர் படங்களில் கிடையாது. சேகரிப்பில் அவற்றுக்குத் தனி அடுக்கு வேண்டும்.

மாட்டும் முறையில்தான் இன்றைய நாகரிகம் பெரிதும் தவறுகிறது. ஒரே சுவரில் பதினைந்து படங்களை அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் விளக்கைப் பாய்ச்சுவது கண்காட்சிக்கூடத்துப் பழக்கம். பழைய வீடுகளில் கூடத்துச் சுவரின் மேற்பகுதியில் படத்தின் அடிச்சட்டம் மரக்கட்டையிலோ ஆணியிலோ நிற்க, மேற்பகுதி கயிற்றில் முன்சாய்ந்து தொங்கும். தரையில் பாய்விரித்து அமர்ந்தவர் முகத்தை நோக்கிப் படம் குனிந்திருக்கும். கண்ணாடியில் ஒளி மோதிக் கண் கூசாது. சட்டத்துக்குப் பின்னே காற்றும் ஓடும். அந்தக் காற்றோட்டம் செஞ்சியில் இன்றியமையாதது. கோடையில் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் உமிழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் கோக்கும். காகிதம் அதற்கேற்ப விரிந்து சுருங்க, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வார்னிஷ் பரப்பு அதனோடே பிய்ந்து வரும். எனவே படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டையால் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். லேமினேஷன் செய்வதாகப் பிரேம் கடைக்காரர் சொன்னால் மறுத்துவிட வேண்டும். பின்புறம் மாவுப்பசையால் தாள் ஒட்டினால், இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். நேர்வெயில் விழும் சுவரும் ஆகாது. பல படங்களில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, லட்சுமி நீலம் பாரித்துப் போயிருப்பதற்கு வெயிலே காரணம். கூடத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு போதும்.

வாங்க விரும்புவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய படங்கள் அங்கு வருவதுண்டு. ஆனால் செஞ்சி வட்டார நேயர்கள் அதற்குமுன் தங்கள் வீட்டுப் பரணைப் பார்ப்பது நல்லது. கண்ணாடி உடைந்த சாமி படத்தை வீட்டில் வைக்கலாகாது என்று அரசமரத்தடியில் கொண்டுபோய் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி விடுமுன், விளிம்பில் அச்சக முத்திரை இருக்கிறதா, முகத்தின் புள்ளிகள் கையால் இட்டவையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடைந்தது கண்ணாடி மட்டுமென்றால், அதைப் பிரேம் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.