உறுதிமொழி மட்டும் போதுமா?

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது மட்டும் போதாது.

அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் வகுப்பறைக்கே வந்து போதைப்பொருளுக்கு எதிராகப் பாடம் நடத்தும் 'டேர்' திட்டத்தைத் தொடங்கினார்கள். நாடெங்கும் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்தால், பாடம் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் பழக்கத்தில் பெரிய வித்தியாசமே இல்லை!

ஐஸ்லாந்து வேறு வழி பிடித்தது. 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016-இல் அது வெறும் 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. இரவில் பெற்றோரே சேர்ந்து தெருவைச் சுற்றிவந்தார்கள்.

இங்கே பெற்றோருக்கு அது முடியுமா? பட்டு நெசவு ஊரான ஆரணியில் தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்பா, அம்மா பிள்ளையின் கண்ணெதிரேதான். ஆனாலும் அவர்கள் காலும் கையும் தறியில், கண் பாவு நூலில். பையன் யாரோடு போனான் என்று கேட்க நேரமேது? தறியை நிறுத்தினால் கூலி போகும். பிள்ளையைக் கண்காணிக்கும் பாரத்தை நெசவாளர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. சாயங்காலம் பிள்ளைகள் ஆட மைதானமும், கூட நிற்க ஒரு பயிற்சியாளரும் ஊர் தரவேண்டும்.

ஏற்கெனவே போதையில் சிக்கிய பிள்ளைக்கு, கட்டணமில்லா தேசிய உதவி எண் 14446.