மண் தரையில், இலை கூரையில்



உத்திரமேரூர், வாலாஜாபாத், சாலவாக்கம் பக்கமெல்லாம் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். சில வருடங்களாக அதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டி முடித்த வீட்டு மாடியில் செடி படர விட்டுத் தருவது. தொட்டி அடுக்குவதைச் சொல்லவில்லை. தளத்தின் மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்கு மெல்லிய படுகை போட்டு அதில் செடி வளர்ப்பது. இலேசான பசுமைக் கூரை என்கிறார்கள். இதைப் பற்றி ஜனங்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தில் அழைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது. எனக்குப் பிடித்த இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடுவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "மாடியில மண்ணு கொட்டினா தளம் தாங்குமா சார்?"

மண்ணைக் கொட்டவே கொட்டாதீர்கள். கணக்கைக் கேளுங்கள். ஆட்கள் ஏறி இறங்குகிற மொட்டை மாடிக்கு, சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் சுமை வைத்து வடிவமைக்கச் சொல்கிறது ஐஎஸ் 875 என்கிற இந்தியத் தர நிர்ணயம். நம் பேச்சில் சொன்னால் சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. படிக்கட்டு இல்லாமல், பழுது பார்க்க மட்டும் ஏணி வைத்து ஏறுகிற தளம் என்றால் அதில் பாதிதான், 7 கிலோ. நான்கு அங்குலம் செம்மண் பரப்பி, அது ஐப்பசி மழையில் ஊறினால் சதுர அடிக்கு 17, 18 கிலோ வந்துவிடும். அதற்கு மேல் நீங்கள் ஏற வேண்டும், வடகம் பிழிய வேண்டும், துணி உலர்த்த வேண்டும், கல்யாணம் காட்சி என்றால் சொந்தக்காரர்கள் வேறு மேலே போய் உட்காருவார்கள்.

அதே நான்கு அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவு, மக்கிய எரு, கொஞ்சம் செங்கல் பொடி கலந்து போட்டால், முழுக்க ஊறிய பிறகும் 8, 9 கிலோவில் நிற்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பத்து லிட்டர் வாளி நிறையக் கலவை என்பது, நான்கு அங்குல உயரத்தில் ஏறக்குறைய ஒரு சதுர அடிப் படுகை. வாளியின் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, கலவையை நிரப்பி, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, தராசில் வையுங்கள். வாளியின் எடையைக் கழியுங்கள். வருகிற எண்தான் உங்கள் தளத்தில் சதுர அடிக்கு ஏறப்போகிற பாரம். காய்ந்த கலவையை நிறுத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது பிரயோஜனம் இல்லை, மழை காய்ந்துபோயா வரும்?

நார்க்கழிவு வாங்கும்போது ஒரு விஷயம். ஐந்து கிலோ கட்டி தண்ணீர் பட்டால் அறுபது, எழுபது லிட்டராக உப்பும். கடையில் "லோ இசி" கட்டி என்று கேட்டு வாங்குங்கள், உப்பு குறைந்தது என்று அர்த்தம். அப்படியே வாங்கினாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். உப்பு தங்கினால் கீரை நாற்றின் இலை ஓரமெல்லாம் கருகும். தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகள் என்கிற கிட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தபோதும் அதில் வைத்தது இதே நார்க்கழிவைத்தான். மாடிக்கு இதைவிடத் தோதான சரக்கு நம்மிடம் கிடையாது.

படுகையை எங்கே போடுவது? சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே, ஓரமாக. அறையின் நடு மையத்தில் வேண்டாம். தேக்கு உத்தரத்தின் மேல் சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா? அந்தத் தளத்தில் படுகையே வேண்டாம். ஆர்சிசி தளமாகவே இருந்தாலும், வயதான வீடு என்றால் ஒரு பொறியாளரை ஏற்றிக் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி, "ஒழுகாதா சார்?"

ஒழுகுகிற தளம் செடி போட்டாலும் ஒழுகும், போடாவிட்டாலும் ஒழுகும். செடி போட்ட பிறகு ஓட்டையைத் தேட முடியாது என்பதுதான் சங்கடம். அதனால் முதலில் தண்ணீர் போகிற குழாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு முழு நாள் விடுங்கள். வாலாஜாபாத் பக்கம் ஒரு வாத்தியார் வீட்டில் இப்படிக் கட்டி வைத்தோம். மறுநாள் காலையில் ஃபேன் கொக்கியிலிருந்து சொட்டு விழுகிறது. தளம் நடுவில் போயிருக்கும் என்று அவர் பயந்துவிட்டார். தண்ணீர் இறங்கியது அங்கே இல்லை, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில். உள்ளேயே ஓடி வந்து கொக்கியில் எட்டிப் பார்த்திருக்கிறது. அந்த மூலை நெடுகச் சாய்வாகப் பூசி, அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சு ஏற்றிய பிறகுதான் செடிப் பேச்சை எடுத்தோம்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். பூச்சுக்கு மேல் வேர் இறங்காத கெட்டி ஷீட், அதன் மேல் தண்ணீர் ஓட டிரெயின் செல், கலவை அடித்துப் போகாமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி, அப்புறம் கலவை. குழாய் வாயைச் சுற்றி ஒரு அடிக்குச் செடியே கூடாது, கூழாங்கல் மட்டும்.

அந்தக் காலத்தில் இந்த ஷீட்டெல்லாம் ஏது? சாலவாக்கத்தில் ஒரு வயதான கொத்தனார், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், தளம் போட்ட கதையைச் சொல்லுவார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்களாம். கட்டை பட்டுத் திரும்புகிற சத்தம் மாறும்வரை தட்ட வேண்டுமாம். அவர் கடுக்காய் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் திருமுக்கூடல் நினைவு வரும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் அது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வந்து ஆற்றைத் தாண்டிப் போகிற இடம் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் நடந்த ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, அதில் 15 கட்டில், வைத்தியருக்கு எவ்வளவு நெல், கோயில் மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எவ்வளவு எண்ணெய் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். மருந்துப் பட்டியலில் வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி என்று வருகிறது. வாசா நம் ஆடாதோடை. ஹரீதகி கடுக்காய். நோயாளிக்கும் கடுக்காய், தளத்துக்கும் கடுக்காய்! சரி, நிகழ்ச்சி அமைப்பாளர் என்னையே பார்க்கிறார், மாடிக்குத் திரும்பி வருகிறேன்.

"என்ன செடி வைக்கலாம்?"

ஜெர்மனியில் இந்த மெல்லிய கூரைகளுக்கு சீடம் என்று ஒரு சதைப்பற்றுச் செடியை வைக்கிறார்கள். அந்தக் குளிருக்கு அது சரி. நீங்கள் சித்திரை மாதம் உச்சி வெயிலில் ஏதாவது பாறைக் குன்றுக்குப் போங்கள். கைப்பிடி மண்கூட இல்லாத இடுக்கில் எது பச்சையாக நிற்கிறதோ அதுதான் உங்கள் செடி. பிரண்டை நிற்கும். கற்றாழை நிற்கும். இந்த இரண்டுக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. பகலில் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி திறந்து காற்றை வாங்கிச் சேமித்து வைக்கும். வெயிலில் தண்ணீர் விரயமாகாது. பருப்புக்கீரை, கற்பூரவல்லி, பத்து மணிப் பூ எல்லாம் இதே மாதிரி கெட்டி ஜாதிதான். மூக்கிரட்டையை நீங்கள் வைக்கவே வேண்டாம், நம் பக்கத்து மாடிகளில் சுருக்கித் தளத்து வெடிப்பில் அதுவாகவே முளைத்திருக்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நர்சரியில் புல் விரிப்பு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. மூக்கிரட்டை கீரையாச்சே, பிரண்டை துவையலாச்சே. புல் விரிப்பு கோடையில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் பாயாகிவிடும்.

வேண்டாத விருந்தாளி ஒன்று உண்டு. காக்கையும் வௌவாலும் கொண்டுவந்து போடுகிற அரச விதை, ஆல விதை. கோபுரத்தையே பிளக்கிற வேர் அது. ஒரு சாண் வளரும் முன்பு வேரோடு எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு நாள் மாடியில் குனிந்து நடந்து பார்த்தால் போதும்.

"வீடு குளிருமா?" குளிரும். ஆனால் முழு உண்மையைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கீரை மாதிரி தண்ணீர் குடித்து ஆவியாக்குகிற செடி அதிகம் குளிர்விக்கும். பிரண்டை தண்ணீரை விடாது, அதனால் அது தருவது பெரும்பாலும் நிழலும் படுகையின் தடுப்பும்தான். தண்ணீர் இருக்கிறவர்கள் கீரை போடுங்கள், இல்லாதவர்கள் பிரண்டை போடுங்கள். அரிசி களைந்த தண்ணீர் நல்லது. ஆர்ஓ மெஷின் கழிவு நீர் வேண்டாம், அதில் உப்பு. "இதெல்லாம் நம்ம நாட்டு வெயிலுக்கு ஆகுமா" என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: ஹைதராபாத்தில் சிஐஐ கோத்ரெஜ் பசுமைக் கட்டட மையத்தை 2004இல் திறந்துவைத்தவர் நம் அப்துல் கலாம். அந்தக் கட்டடத்தின் கூரையில் பாதிக்கு மேல் தோட்டம்தான்.

குவாரி, கிரஷர் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள், திருமுக்கூடல், மதூர் நேயர்கள், இதைக் கவனியுங்கள். கல் தூசு இலை மேல் படிவதோடு நிற்காது. கலவைக்குள் இறங்கி, மேல் தோல் பூச்சு வேலை மாதிரி இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே போகாது. வாரம் ஒரு தரம் கைக்கொத்தால் மேலாகக் கீறிவிடுங்கள், அரை அங்குலம் போதும், ஷீட்டைக் குத்திவிடாதீர்கள். காலையில் இலைகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். "சார், எங்களுது சிமெண்ட் ஷீட் வீடு. எங்களுக்கு இதெல்லாம் கிடையாதா?"

உங்களுக்குத்தான் முதலில் உண்டு. ஷீட் ஒரு வாளி கலவையைக்கூடத் தாங்காது, உண்மை. ஆனால் மண் ஏன் மேலே ஏற வேண்டும்? கீற்றுக் கூரை வீடு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவுகிற இடத்துத் தண்ணீர் தேங்குகிற மூலையில் ஆயா இரண்டு சுரை விதை ஊன்றுவாள். ஒரு மிளாரைச் சாய்த்து வைப்பாள், அவ்வளவுதான். ஆவணி முடிவதற்குள் கொடி கூரை ஏறிவிடும். சுரைக்குப் பக்கத்தில் பூசணி. மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டைக்குப் பூ அந்தக் கூரையிலிருந்துதான் வரும். வேர் தரையில், இலை கூரையில். கூரைக்கு ஏறுகிற பாரம் கொடியும் காயும் மட்டும். உலகத்திலேயே இலேசான பசுமைக் கூரை அது என்று நான் பந்தயம் கட்டுவேன். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்து குடிசைகளெல்லாம் கான்கிரீட் வீடாக ஆரம்பித்தன. நல்ல காரியம், தீக்கும் மழைக்கும் பயந்து படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கூரை போனதும் கொடியும் போய்விட்டது, தளம் மத்தியானத்தில் தகிக்கிறது.

கொடியைத் திரும்பக் கொண்டுவரலாம். ஷீட் மேலேயே படர விடாதீர்கள், ஷீட் சூட்டில் தளிர் வெந்துவிடும். வீட்டைச் சுற்றித் தரையில் சவுக்குக் கம்புகளை ஊன்றி, ஷீட்டுக்கு ஒரு அடி மேலே பந்தல் கட்டுங்கள். கம்பு ஷீட்டைத் தொடக் கூடாது. மேலே கயிற்று வலை. அவரை, பீர்க்கு, பாகல், கோவை எது வேண்டுமானாலும் ஏற்றலாம். நடுவில் விட்ட ஒரு அடி சந்தில் காற்று ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். தையல் வேலை செய்கிற ஒரு அம்மாவின் ஷீட் வீட்டுக்கு இப்படிப் பீர்க்கங்கொடி போட்டோம். அதற்கு முன்னால் பத்து மணியானால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார். கொடி மூடிய பிறகு மத்தியானமும் உள்ளேயே தைக்கிறார். "பீர்க்கங்காய் போதும் சார், சாப்பிட ஆளில்லை" என்பதுதான் இப்போது அவருடைய புகார். அவரையில் அசுவினி வந்தால் வேப்ப எண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து நம் மாநிலத்தில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். நார்க்கழிவு ஊறிய தண்ணீர் பழுப்பாக வரும், அதைக் குடிநீர்த் தொட்டிக்கு விடாமல் உறிஞ்சு குழிக்கு விடுங்கள். கொசு, தேங்கிய தண்ணீரில்தான் வரும், ஊறிய கலவையில் வராது. எலி இருந்தால் பாம்பு வரும், அதனால் தீவனத்தையும் நெல்லையும் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்று, வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால், படுகையில் இல்லாமல் தட்டில் வைத்த செடியெல்லாம் பறக்கும், ஐப்பசிக்கு முன்பே கைப்பிடிச் சுவரோரம் நகர்த்திக் கட்டிவிடுங்கள். பந்தல் கம்பு இரண்டு அடி ஆழம் இறங்கியிருக்கட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு யாராவது ஒரு வீட்டில் இந்த ஆடியில் சுவரோரம் இரண்டு சுரை விதை ஊன்றினால் எனக்கு அதுவே சந்தோஷம். விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வையுங்கள், சீக்கிரம் முளைக்கும்.