டயர்க் காற்றும் எச்சரிக்கை விளக்கும்



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்றவன். பௌதிகவியல் என் பாடமன்று. எனினும், தகுதி இல்லாதவன் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் சில வேளைகளிற் பிறருக்குப் பயன்படும். அந்த நம்பிக்கையுடன் பேசத் துணிகின்றேன்.

என் வீடு வெள்ளவத்தையில் இருக்கின்றது, பாடசாலை கொட்டாஞ்சேனையில். நாள்தோறும் காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டியையும் கோட்டையையும் கடந்து சென்று மீள்வது என் வழக்கம். என் வண்டி வெளிநாட்டிலே ஒருவர் ஓட்டிய பின்னர் இங்கு வந்தது. ஒருநாட் காலை, அதன் முகப்புப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடத்தைப் போன்ற ஒரு வளைவு. அதன் அடியிலே சிறு பற்கள். நடுவே ஒரு வியப்புக்குறி. தமிழாசிரியனாகிய எனக்கு வியப்புக்குறி விளங்கியது. எதைக் கண்டு வியப்பு என்பதுதான் விளங்கவில்லை.

கீழே இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். நான்கு சில்லுகளும் ஒன்றுபோலவே தோன்றின. வண்டிகளைப் பற்றி அறிந்தவர் என்று நான் கருதிய ஒருவரிடம் கேட்டேன். "அது ஒன்றும் இல்லை, சேர். பழைய வண்டிகளில் அந்தச் சென்சர் பழுதாகிவிடும். ஒரு துண்டு கறுப்பு நாடாவை ஒட்டிவிடுங்கள்" என்றார் அவர். நானும் ஒட்டினேன். விளக்கு மறைந்தது, என் மனமும் அமைதியடைந்தது. மூன்று வாரம் யாதொரு இடரும் நேரவில்லை.

அதன்பின் ஒரு சனிக்கிழமை, மாத்தறையில் நிகழ்ந்த ஒரு திருமணத்துக்காகத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியே சென்றோம். என் மனைவியும், மகளும், மகளின் இரண்டு வயதுக் குழந்தையும் உடன் இருந்தனர். மழை தூறிக்கொண்டிருந்தது. வெலிப்பன்னை ஓய்விடத்தை அணுகும் வேளையில், வண்டியின் பின்புறத்தில் வெடியோசை போன்ற ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. நான் அச்சத்தினாற் பிறேக்கை அழுத்தினேன். வண்டியின் பின்பகுதி வீதியின் குறுக்கே வழுக்கிச் சென்றது. பின்னால் வேறு வண்டி எதுவும் நெருங்கி வரவில்லை. அந்த ஒரு காரணத்தினாலேயே இன்று உங்களுடன் பேசுகின்றேன்.

ஒருவாறு இடது ஓரத்தில் வண்டியை நிறுத்திய பின்னர், அந்தக் கறுப்பு நாடாவை உரித்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று வாரமாக அது உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது. பின் சில்லில் ஒரு சிறு ஆணி ஏறியிருந்தது; காற்று மெல்ல மெல்லக் கசிந்திருந்தது.

அப்படியானால், மூன்று வாரம் நேராத விபத்து அன்று ஏன் நேர்ந்தது? இதுவே நான் முதலிற் கற்றுக்கொண்ட விடயம். நம் வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் டயரின் உள்ளே அடைபட்ட காற்றே. அக்காற்றின் அமுக்கம் குறைந்தால், டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மிஞ்சி மடங்கி நிமிர்கின்றது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் அது சூடேறுவதை நீங்கள் அறிவீர்கள். டயருக்கும் அதுவே நேர்கின்றது. காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அந்தச் சூடு ஆறிவிடும். மணிக்கு 100 கிலோமீற்றர் வரை ஓட அனுமதியுள்ள நெடுஞ்சாலையில் அது ஆறுவதற்கு நேரமில்லை, ஏறிக்கொண்டே போகும். ஈற்றில், உள்ளிருக்கும் நூலிழைகளிலிருந்து றப்பர் பிரிந்து, டயர் சிதறுகின்றது. ஆகவே, மூன்று வாரம் ஒன்றும் நேரவில்லை என்பது பாதுகாப்பின் சான்றன்று.

இனி, அந்த விளக்கு எவ்வாறு அறிகின்றது என்பதைப் பார்ப்போம். இதற்கு இரு முறைகள் உள்ளன.

முதலாவது முறை நேர்முறை. ஒவ்வொரு சில்லிலும், பெரும்பாலும் காற்றடிக்கும் வால்வின் அடியில், ஒரு சிறு உணரி பொருத்தப்பட்டிருக்கும். அது அமுக்கத்தை அளந்து, வானொலி அலை மூலம் வண்டிக்கு அறிவிக்கின்றது. உண்மையில், நேயர்களே, அதுவும் ஒரு குறுகிய வானொலி நிலையமே, நேயர் ஒருவர்தாம். சில நாட்டு வண்டிகளில் அது 315 மெகாஹேட்ஸ் அலையிலும், வேறு நாட்டு வண்டிகளில் 433 மெகாஹேட்ஸ் அலையிலும் பேசுகின்றது. பழுதான உணரிக்குப் பதிலாகப் பஞ்சிகாவத்தையில் வேறொன்று வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அலை பொருந்தாவிட்டால், உணரி பேசிக்கொண்டே இருக்கும், வண்டிக்குக் கேட்காது. இன்னொன்று: உணரியின் உள்ளே சிறு மின்கலம் உண்டு. அது ஏறத்தாழ 5 முதல் 10 ஆண்டு வரை உழைக்கும். அது தீர்ந்தால், பெரும்பாலும் உணரி முழுவதையுமே மாற்ற நேரிடும்.

இரண்டாவது முறை மறைமுறை. இதில் உணரி சில்லின் உள்ளே இல்லை. சில்லுகள் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் பிறேக் அமைப்பு, ஒவ்வொரு சில்லும் எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது என்பதை ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கின்றது. காற்றுக் குறைந்த சில்லு சற்றுச் சிறுத்துவிடும். காலிமுகத் திடலில் தந்தையின் கையைப் பிடித்து நடக்கும் குழந்தை, தந்தையைவிட அதிக அடி எடுத்து வைக்கின்றதன்றோ? அதுபோலச் சிறுத்த சில்லு அதிகமாகச் சுழல்கின்றது. அந்த வேறுபாட்டைக் கண்டு விளக்கு எரிகின்றது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. வகுப்பிலுள்ள மாணவர் அனைவரும் ஒரே அளவிற் பின்தங்கிவிட்டால், முதலாமிடம் இரண்டாமிடம் என்ற பட்டியல் அதனைக் காட்டாது. அவ்வாறே நான்கு டயர்களிலும் ஒன்றுபோலக் காற்றுக் குறைந்தால், ஒப்பிட்டு மட்டும் அறியும் அமைப்பு ஏமாந்துவிடும். மேலும், காற்றைச் சரியாக நிரப்பிய பின்னர், அதற்குரிய பொத்தானை அழுத்தி, "இதுவே சரியான அளவு" என்று வண்டிக்குக் கற்பிக்க வேண்டும். காற்றை நிரப்பாமற் பொத்தானை மட்டும் அழுத்துவோர், பிழையான விடையைச் சரியென்று கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒப்பாவர்.

காற்றடைத்த டயரைப் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த ஜோன் டன்லொப் என்னும் கால்நடை வைத்தியர் 1888ஆம் ஆண்டில் வழக்குக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னரே, 1845இல், றொபேட் தொம்சன் என்பவர் அதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. பிறேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குப் போன றப்பர் விதைகளின் நாற்றுக்கள், 1876இல் கம்பஹாவிலுள்ள ஹேனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. பின்னர் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தொழிலாளரின் உழைப்பு, உலகின் சில்லுகளில் ஓடியது.

ஆனால், அமுக்கத்தை அறிவிக்கும் விளக்குப் பிந்தியே வந்தது. 1980களில் போர்ஷே 959 என்னும் விலையுயர்ந்த வண்டியில் அது முதன்முதலில் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே டயர்கள் ஓட்டத்திற் பிளந்து, வண்டிகள் கவிழ்ந்து, பலர் மாண்டனர். அதன் விளைவாக அவ்வாண்டிலேயே அங்கு ஒரு சட்டம் நிறைவேறியது. 2007 செப்டெம்பர் முதல் புதிய சிறு வண்டிகள் அனைத்திலும் இவ்விளக்குக் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது விதியாயிற்று. நான் நாடாவினால் மறைத்தது எத்தகைய இழப்பின்பின் எழுந்த விளக்கு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இனி, செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்.

விளக்கு நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்றுக் குறைந்துள்ளது என்பது பொருள். வேகத்தைத் தணித்து, திடீரெனப் பிறேக்கை அழுத்தாமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அண்மையிலுள்ள பெற்றோல் நிலையத்தில் அளந்து நிரப்புங்கள். சில நாளில் மீண்டும் எரிந்தால், அது கசிவு. டயர் திருத்துபவரிடம் காட்டுங்கள். வண்டியை இயக்கியதும் விளக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் மின்னி மின்னிப் பின் நிலையாக எரிந்தால், பல வண்டிகளில் அது எச்சரிக்கும் அமைப்பிலேயே பழுது என்பதைக் குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே நான் செய்த முதற் பிழை.

ஓட்டத்தில் டயர் வெடித்துவிட்டாலோ, சுக்கானை இரு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். பிறேக்கை அழுத்தாதீர்கள். வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வண்டி தானாக வேகம் தணிந்த பின்னர் ஓரத்துக்குச் செலுத்துங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதியின் கதவருகே ஒட்டப்பட்ட தாளில் எழுதப்பட்டிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்ட பெரிய எண்ணை அதற்காகக் கொள்ளலாகாது. அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அளப்பது காலையில், வண்டி ஓடுமுன் நிகழ வேண்டும். 32 இறாத்தல் அமுக்கமுள்ள டயரில், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் மாறினால் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் மாறும். மாலையிற் சூடான டயருடன் நுவரெலியாவை அடைந்தவர், மறுநாட் குளிர்காலையில் விளக்கெரியக் காண்பது இதனாலேயே. ஓடிச் சூடேறிய டயரில் அமுக்கம் கூடியிருப்பதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவதும் தவறு. ஆறியதும் அது குறைந்துபோகும்.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றேன். அமெரிக்க விதியின்படி, குறித்த அளவிலிருந்து நூற்றுக்கு 25 பங்கு குறைந்த நிலையிலேயே விளக்கு எரிந்தாற் போதும். அதாவது, 32 இறாத்தல் வேண்டிய டயர் 24 ஆகும்வரை அது மௌனமாக இருக்கலாம். டயரோ பழுதின்றியே மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் இழக்கும். ஆகவே, விளக்கு இருக்கின்றதென்று கடமையை மறந்துவிடலாகாது. மாதத்துக்கு ஒரு தடவை, மேலதிகச் சில்லையும் சேர்த்து, அளந்து பார்ப்பது நம் வேலையே.

இவ்விளக்கு இல்லாத வண்டிகள் நம் நாட்டிற் பல. யப்பானில் இது கட்டாயமாக்கப்படாமையால், அங்கிருந்து வந்த சிறு கார்கள் பலவற்றில் இல்லை. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளையே பேணி ஓட்டிவந்தோம். முச்சக்கர வண்டிகளில் இது வழக்கத்திலேயே இல்லை. ஆயினும், கொட்டாஞ்சேனையில் எங்கள் பாடசாலை வாயிலில் நிற்கும் முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர், காலையில் முதற் பயணத்துக்கு முன் மூன்று சில்லுகளையும் கையால் அழுத்திப் பார்ப்பார். வாரந்தோறும் அளவுகருவியும் வைப்பார். ஏனென்று கேட்டேன். "பிள்ளைகளை ஏத்திற வண்டி, சேர்" என்றார். விளக்கு இருந்தும் அதனை மறைத்த நான், அவர் முன் நாணி நின்றேன்.

அந்தக் கறுப்பு நாடாத் துண்டு இன்றும் என் அலுவலக மேசையில் இருக்கின்றது. ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாள் பாடசாலைக்கு வராதபோது, "காய்ச்சலாக இருக்கும்" என்று சொல்லிப் பதிவேட்டை மூட என் கை எழுமானால், அதனைப் பார்த்துக்கொள்கின்றேன். பின்னர் அந்த வீட்டுக்கு ஆளனுப்புகின்றேன்.

நேயர்களே, நாளைக் காலை வண்டியை எடுக்குமுன், ஒரு நிமிடம் முகப்புப் பலகையைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். விளக்கே இல்லையானால், அளவுகருவியைக் கையில் எடுங்கள்.